டேப் விசைக்கு இரு உரிமையாளர்

செவ்வாய், இரவு

இரண்டொரு எழுத்துக்களைத் தட்டி டேப் விசையை அழுத்தினால் முழு நிரல்துண்டையும் விரித்துத் தந்து, நெடுநாளாக விம் எடிட்டரில் எனக்கு ஊழியம் செய்துவந்த பிளக்-இன், காலையில் எல்லாப் பிளக்-இன்களையும் புதுப்பித்ததிலிருந்து மௌனம் சாதிக்கிறது. ‘ஃபார்’ என்று தட்டி டேப்பை அழுத்தினால், வளையக் கட்டளை வந்து நிற்க வேண்டிய இடத்தில் வெற்றிடந்தான் விழுகிறது. பிழைச் செய்தி வந்தாலாவது அதைப் பற்றிக்கொண்டு மேலே செல்லலாம், அதுவும் இல்லை. அகற்றிவிட்டு மறுபடி நிறுவிப் பார் என்கிறான் தம்பி. தடயங்களை அழித்துவிட்டு விசாரணை தொடங்கும் அந்தச் சம்பிரதாயத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது.

புதன்

பிளக்-இன் எடிட்டருக்குள் வந்தே சேரவில்லையா, அல்லது வந்தும் வாய்திறக்க விடப்படவில்லையா என்பதைத்தான் முதலில் நிர்ணயிக்க வேண்டும். ‘ஸ்க்ரிப்ட்நேம்ஸ்’ என்ற கட்டளை, அதுவரை வாசிக்கப்பட்ட கோப்புகளையெல்லாம் வாசித்த வரிசையிலேயே எண்ணிட்டுக் காட்டும். அதில் நம் பிளக்-இன்னின் பெயர் இருந்தது. எனவே வரவில்லை என்ற சந்தேகம் நிவர்த்தியாயிற்று.

அடுத்து ‘வெர்போஸ் ஐமேப்’ என்று தட்டி, அதனோடு டேப் விசையின் பெயரையும் சேர்த்துக் கேட்டேன். இன்சர்ட் நிலையில் அந்த விசை இப்போது யார் வசம் இருக்கிறது என்பதோடு, கடைசியாக அதை அமைத்தது எந்தக் கோப்பின் எத்தனையாவது வரி என்பதையும் விம் சொல்லிவிடுகிறது. அந்த வரி, சொற்களை ஊகித்து முடித்துத் தரும் வேறொரு பிளக்-இன்னினுடையது! பட்டியல் திறந்திருந்தால் அடுத்த சொல்லுக்கு இறங்குவது, இல்லாவிட்டால் வெறும் டேப்பைப் போடுவது என்பதே அதன் காரியம். புதிய பதிப்பில் அந்த உரிமையைத் தானாகவே எடுத்துக்கொண்டிருக்கிறது.

1991-இல் விம்மை வெளியிட்டு, 2023 ஆகஸ்டில் காலமாகும்வரை அதைப் பேணிவந்த பிராம் மோலெனார், உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்ற வேண்டுகோளை வெற்றுத் திரையிலேயே இடம்பெறச் செய்தவர். எடிட்டருக்குள் நடப்பதை எடிட்டரிடமே கேட்டறியலாம் என்ற இந்த ஏற்பாட்டிலும் அதே உபகார புத்தியைக் காண்கிறேன்.

வியாழன்

விம் தொடங்கும்போது, பயனர் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் விம்ஆர்சி கோப்பு முதலில் வாசிக்கப்படுகிறது. பிளக்-இன்கள் அதன்பின் வருகின்றன. ‘ஆஃப்டர்’ என்ற அடைவிலுள்ளவை எல்லாவற்றுக்கும் கடைசி. ஒரே விசையை இருவர் கோரினால் பின்னால் வந்தவர் சொல்லே நிலைக்கும். ஆகவே டேப்பை மீட்கும் வரியை விம்ஆர்சியில் எழுதினால் பயனில்லை, ஆஃப்டர் அடைவில்தான் வைக்க வேண்டும். ஆனால் சொல் முடித்துத் தரும் அந்தப் பிளக்-இன் டேப்பை எடுத்துக்கொள்ளாதிருக்கும்படி அதற்கென உள்ள மாறியைக் குறிப்பதானால், அது வாசிக்கப்படுமுன் விம்ஆர்சியிலேயே குறித்தாக வேண்டும். நான் பின்னதைச் செய்தேன். ஃபார் வளையம் பழையபடி விரிந்தது.

பிளக்-இன் எழுதுவோர்க்கான விம்மின் கையேட்டுப் பகுதி, பயனர் ஏற்கெனவே விசை ஒதுக்கியிருக்கிறாரா என்று ‘ஹேஸ்மேப்டு’ மூலம் பார்க்கவும், ‘யுனீக்’ என்ற சொல்லைச் சேர்க்கவும் கற்பிக்கிறது. சொல் முடித்துத் தரும் பிளக்-இன்னின் வரியில் அச்சொல் இருந்திருந்தால், ஒருவர் வசமுள்ள விசையை மற்றவர் கேட்ட கணமே இ227 என்ற பிழை திரையில் வந்திருக்கும், நானும் செவ்வாயிரவு நிம்மதியாக உறங்கியிருப்பேன். அந்தப் பிளக்-இன்னை எழுதியவருக்கு இதை மரியாதையாகத் தெரிவித்து, திருத்திய வரியையும் இணைத்து அனுப்பியிருக்கிறேன்.