செங்கல்பட்டுக் கழுகு

தெற்கேயிருந்து சென்னைக்கு ரயிலில் வருகிறவர்களுக்குச் செங்கல்பட்டு ஓர் ஊர் அல்ல, ஓர் அலாரம்! வண்டி ஸ்டேஷனில் நின்றதும் கம்பார்ட்மெண்ட் முழுக்கக் குரல்கள் கிளம்பும். “ஏய், செங்கல்பட்டு வந்தாச்சு! பெட்டியைக் கீழே இறக்கு. குழந்தைக்குச் செருப்பை மாட்டு.” வண்டி புறப்பட்டதும் கொளவாய் ஏரி கொஞ்ச தூரம் ஜன்னலோடு கூடவே வரும். “அடேயப்பா, எவ்ளோ தண்ணி!” என்பார்கள். அதோடு சரி. ஊருக்குள் வருகிறவர்கள் பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்கோ கோர்ட்டுக்கோ வருகிறவர்கள்தான்.

இந்த ஊரில் வேர்விட்ட ராக் இசைக்குழு ஒன்று இருக்கிறது என்றால் எங்கள் தெருவிலேயே நம்ப மாட்டார்கள். பெயர் ஜடாயு. இரண்டு கிடார், ஒரு பேஸ் கிடார், டிரம்ஸ். பாடகர் கிடையாது! ராக், ஜாஸ், கர்நாடக சங்கீதம் மூன்றையும் ஒரே உருளியில் போட்டுக் கிண்டியிருப்பார்கள். ஆனால் கட்டி தட்டியிருக்காது. பேப்பர்காரர்கள் எங்கள் ஊரைச் சுருக்கிச் ‘செங்கை’ என்பார்கள். இந்தப் பையன்களுக்கு அது ‘சாங்கோ’. இசைத் தொகுப்பு ஒன்றுக்கே ‘சாங்கோ டேல்ஸ்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதாவது, சாங்கோ கதைகள். ரயில் டிக்கெட்டைத் தவிர வேறெதிலும் இந்த ஊர்ப் பெயரைப் பார்த்துப் பழகாத எனக்கு, அதைக் கேட்டதும் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளத் தோன்றியது.

அக்கா பையன் என் போனில் ஏற்றிக் கொடுத்ததிலிருந்து, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மொட்டை மாடியில் ஜடாயுதான் எனக்குத் துணை. நேரில் கேட்டதில்லை. ஒரு நாள் அவனே வந்து நின்றான்.

“மாமா, சனிக்கிழமை ஜடாயு வாசிக்கிறாங்க. ஈ.சி.ஆர்.ல ஒரு கிளப்பு. வர்றீங்களா?”

“கிளப்பா! உங்கம்மாவுக்குத் தெரியுமா?”

“நீங்களும் வர்றீங்கன்னு சொல்லிட்டேன். அதனாலதான் பெர்மிஷனே கிடைச்சுது.”

கில்லாடி!

சனிக்கிழமை மத்தியானமே அவன் பைக்கில் பின்னால் தொற்றிக்கொண்டேன். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் சுமார் முப்பது கிலோமீட்டர். வழியில் திருக்கழுக்குன்றம். மலைமேல் வேதகிரீஸ்வரர். முன்பெல்லாம் தினம் உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து, கோயில் பண்டாரம் கையால் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போகும். அதைப் பார்க்க வெளியூர்களிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்து படியேறுவார்கள். ஊருக்குப் பெயரே அதனால்தான். பறவை நூல்படி அது கழுகு அல்ல, மஞ்சள்முகப் பாறு. 1990களோடு அவற்றின் வரத்து நின்றுபோயிற்று. இந்தியா முழுக்கவே பாறு இனங்கள் சரிந்துகொண்டிருந்த காலம் அது. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற பறவைகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்று கண்டுபிடித்து, 2006இல் கால்நடை மருத்துவத்தில் அதற்குத் தடை போட்டார்கள்.

“மலைக்குக் கழுகு வர்றது நின்னுடுச்சு. பதிலுக்குப் பக்கத்து ஊர்லேருந்து ஜடாயு கிளம்பிடுச்சு பாத்தீங்களா மாமா?” என்றான் பையன். ரோட்டைப் பார்த்து ஓட்டுடா என்றேன்.

மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயில் பக்கம் ஒரு நடை. அதைக் கட்டுவித்த ராஜசிம்ம பல்லவனுக்கு இசையில் ஏகப்பட்ட கர்வம். காஞ்சி கைலாசநாதர் கோயில் கல்வெட்டுகளில் அவனுடைய விருதுப் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. அதில் ‘வீணா நாரதன்’ ஒன்று, ‘ஆதோத்ய தும்புரு’ இன்னொன்று. வீணையில் நாரதன், வாத்தியத்தில் தும்புரு! ராஜாவாகப் பிறந்ததால் பட்டம் வாங்க எந்த சபாவுக்கும் அவன் அலையவேண்டியிருக்கவில்லை.

அங்கிருந்து வடக்கே ஐந்து கிலோமீட்டரில் சாளுவன்குப்பம். சவுக்குத் தோப்புக்குள் புலிக்குகை. புலியும் இல்லை, உள்ளே போய்ப் படுக்கும்படியான குகையும் இல்லை. ஒரு பெரிய பாறையில் மேடை மாதிரி குடைந்து, சுற்றிலும் யாளித் தலைகளை வளைத்துச் செதுக்கியிருக்கிறார்கள். திறந்தவெளி நிகழ்ச்சிகளுக்காக இதைச் செய்திருக்கலாம் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். எதிரே மணல்வெளியில் நின்று பார்த்தேன். நிஜமாகவே மேடைதான்! ஆயிரத்து முன்னூறு வருஷத்துக்கு முன்னால் கடற்காற்றில் யார் வந்து வாசித்தார்களோ, எத்தனை பேர் மணலில் உட்கார்ந்து கேட்டார்களோ!

வடநெம்மேலி முதலைப் பண்ணையைத் தாண்டினால் கோவளம். இந்தக் கடற்கரை பெரிய சத்தத்துக்குப் புதிதல்ல. 1752இல் ராபர்ட் கிளைவ் இங்கேயிருந்த கோட்டையைப் பிடிக்க வந்தான். அவனுடைய வெள்ளைக்காரச் சிப்பாய்கள், லண்டனில் தேடிப் பொறுக்கிக் கப்பலேற்றி அனுப்பிய ஆட்கள். கோட்டையிலிருந்து பறந்து வந்த ஒரே ஒரு குண்டில் ஒருத்தன் செத்ததும், மீதிப் பேர் திரும்பிப் பார்க்காமல் ஓடினார்கள். இன்னொரு சமயம் பீரங்கிச் சத்தம் கேட்டு மிரண்ட காவல்காரன் ஒருவனைச் சில மணி நேரம் கழித்துக் கிணற்றடியிலிருந்து தூக்கினார்களாம். மெக்காலே எழுதிவைத்திருக்கிறார். இந்தப் பட்டாளத்தை வைத்துக்கொண்டு கிளைவ் கோவளத்தையும் பிடித்தான். அடுத்ததாக எங்கள் செங்கல்பட்டுக் கோட்டையையும் பிடித்துவிட்டான்!

இதே கோவளத்து மணலில் 2013இல் அலைச்சறுக்கும் இசையும் சேர்ந்த விழா ஒன்று தொடங்கியது. பகலில் மீனவர் குப்பத்துப் பையன்கள் பலகையில் ஏறி அலையில் வழுக்கினார்கள். பொழுது சாய்ந்ததும் இசைக்குழுக்கள் மேடையேறின. சென்னைக்கு வெளியே இந்தக் கடற்கரையில் போய் உட்கார்ந்து கிடார் கேட்கலாம் என்ற பழக்கம் வளர அதுவும் ஒரு காரணம்.

நாங்கள் போன கிளப் ரோட்டிலிருந்து கடல் பக்கமாகத் திரும்பும் ஒரு சந்தில் இருந்தது. வாசலில் கையில் முத்திரை குத்தினார்கள், கசாப்புக் கடை ஆட்டுக்குக் குத்துகிற மாதிரி. உள்ளே நீல வெளிச்சம். லைம் சோடா கேட்டேன். சோடாவில் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது. விலையில் ஒரு தோப்பே இருந்தது. நாற்காலிகள் ஓரமாக. பாதிப் பேர் நின்றார்கள். எனக்கு முட்டி வலி என்பதால் மேடைக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்டூல் கிடைத்தது. வயசாவதிலும் ஒரு லாபம்!

விளக்கு மங்கியது. அலட்டல் இல்லாமல் வந்து நின்றார்கள். கிடாரில் ஷைலு ரவீந்திரன், இன்னொரு கிடாரில் சாகிப் சிங், டிரம்ஸில் மனு கிருஷ்ணன், கூட பேஸ் கிடார்காரர். முதல் தட்டு டிரம்ஸில் விழுந்ததும் எனக்குக் கிணற்றில் குதித்த அந்தக் காவல்காரன் ஞாபகம்தான் வந்தது. ஸ்பீக்கர் நெஞ்சுக்குள் அடிக்கிறது! போனில் கேட்டபோது இந்த அடி காதோடு நின்றுவிட்டிருந்தது.

ஐந்து நிமிஷத்தில் பழகிவிட்டது. பழகியதும் ஒன்றொன்றாகக் கேட்க ஆரம்பித்தது. ஒரு கிடார் கேள்வி கேட்கிறது. மற்றொன்று பதில் சொல்கிறது. டிரம்ஸ் நடுவில் புகுந்து, மிருதங்கக்காரர் கோர்வை வைக்கிற மாதிரி கணக்குப் போட்டுச் சமத்தில் கொண்டுவந்து இறக்குகிறது. கிடார் கழுத்தில் தந்தியை இழுத்து வளைத்துக் கமகம் வருகிறது. பிறகு ‘மருகேலரா’! தியாகராஜ சுவாமிகளின் ஜயந்தஸ்ரீ. ராமா, உனக்கு ஏனப்பா இந்த ஒளிவு மறைவு என்று அவர் கேட்கிற கீர்த்தனை. மேடையில் பாட ஆள் இல்லை. ஆனால் எனக்குப் பின்னால் நின்ற இருபது வயதுப் பெண் மெதுவாக முனகினாள். அவளுக்குப் பக்கத்தில், திருநீறும் வேட்டியுமாக ஒரு பெரியவர் தொடையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

இடைவேளையில் அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். “இதெல்லாம் உங்களுக்குப் பிடிக்குதா, சார்?”

“ஏன் பிடிக்காது? வயலினே வெள்ளைக்காரன் வாத்தியந்தானே! பாலுஸ்வாமி தீட்சிதர் கத்துண்டு வந்து நம்ம கச்சேரில சேர்த்தார். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் கரண்டு மாண்டலினைத் தூக்கிண்டு வந்தப்ப முதல்ல முணுமுணுத்தவாதான் அப்புறம் முதல் வரிசைல உக்காந்தா. கேக்கறதுக்கு நாலு பேர் வந்தா எல்லாம் நம்ம சங்கீதம்தான்.”

அந்த ‘நாலு பேர்’ என்னை யோசிக்க வைத்தது. கூட்டத்தை எண்ணிப் பார்த்தேன். எழுபதுக்குக் கொஞ்சம் மேல். ஒரு கல்யாணத்தில் ஒரு பந்திக்குக் காணாது! தமிழ்நாட்டில் பாட்டு என்றால் சினிமாப் பாட்டு. படம் இல்லாமல், நடிகர் இல்லாமல், வெளியே நின்று சொந்த இசையை வாசிக்கிறவர்களுக்கு இடம் குறைச்சல். 2018 ஜனவரி 6இல் கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதன்முதலாக மேடையேறியபோது ஆயிரக்கணக்கில் கூட்டம் சேர்ந்தது. கானாவும் பறையும் ராக்கும் கலந்து ஜாதிக்கு எதிராகப் பாடிய குழு. அதில் கிடார் வாசித்தவரும் டிரம்ஸ் வாசித்தவரும் இதோ எதிரே நிற்கிற சாகிப் சிங்கும் மனு கிருஷ்ணனும்தான். அங்கே சொல்வதற்கு வார்த்தை இருந்தது. தமிழன் காதுக்கு வார்த்தை வேண்டும். வார்த்தையே இல்லாத ஜடாயுவை எழுபது பேர்தான் தேடி வருகிறார்கள். இந்த மாதிரி இடங்களில் டிக்கெட் பணத்தில் கிளப்புக்குப் பங்கு போக, வண்டி வாடகை போக, மிச்சத்தை நாலாகப் பிரித்தால் என்ன தேறும்? அந்த எழுபதும் நாற்பதானால் அடுத்த தடவை கூப்பிட மாட்டார்கள். மொட்டை மாடியில் போனில் எத்தனை வருஷம் கேட்டாலும், வாசலில் கையில் முத்திரை குத்திக்கொண்டு உள்ளே வருகிற ஒரு தலைக்குத்தான் அங்கே கணக்கு.

கச்சேரி முடிந்ததும், கைதட்டு அடங்குவதற்குள் அவர்களே குனிந்து ஒயர்களைச் சுற்ற ஆரம்பித்தார்கள். பக்கத்தில் போய், “நானும் செங்கல்பட்டு” என்றேன். அதற்குமேல் எனக்குப் பேச்சு வரவில்லை. சிரித்துக் கை கொடுத்தார்கள். பிடித்த குழுவைப் பக்கத்தில் பார்த்தால் எந்த வயசிலும் நாக்கு ஒட்டிக்கொள்ளும் போல.

மறுநாள் காலை ஸ்டேஷன் ரோடு டீக்கடை. கையில் முத்திரை இன்னும் அழியவில்லை. கடைக்காரர் பார்த்துவிட்டார்.

“என்ன சார், கையில?”

கோவளம் பக்கம் கச்சேரிக்குப் போனேன் என்று சொல்லி, போனில் ‘மருகேலரா’வைப் போட்டுக் காட்டினேன். டீயை ஆற்றுவதை நிறுத்திவிட்டு முழுசாகக் கேட்டார்.

“நல்லாருக்கே! எந்தப் படம் சார்?”

“எந்தப் படமும் இல்லீங்க. நம்ம ஊரு.”

“நம்ம ஊரா!” என்றவர், கிளாஸை வைத்துவிட்டு, “மறுபடி எப்ப வாசிப்பாங்க?” என்றார்.

எழுபதோடு ஒன்று.