பெல்மதுளையின் ரேடியோ பாஸ்

"பிளேனைப் பார்த்து மயங்காதே. அதற்கு ரிமோட் செட் பண்ணிக் கொடுத்த ஆளைப் போய்ப் பார்" என்றார் இரத்தினபுரியில் விஞ்ஞானம் படிப்பிக்கும் நண்பர். பாடசாலைக் கண்காட்சியில் தோட்டத்துப் பையன் ஒருவன் ரெஜிபோமில் செய்த விமானத்தை மைதானத்துக்கு மேலே மூன்று சுற்று சுற்றிக் காட்டி, எறிந்த இடத்துக்கே திருப்பிக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறான். எங்கே படித்தாய் என்று கேட்டதற்கு, "அப்பா ரேடியோ பாஸ்" என்று மட்டும் சொன்னானாம். ரேடியோ திருத்துகிறவரை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள்.

கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் ஏ4 வீதியில், எம்பிலிப்பிட்டியப் பக்கம் பாதை பிரிகிற சந்தி பெல்மதுளை. ஒரு பக்கம் மாணிக்கக் குழிகள், இன்னொரு பக்கம் ரப்பர், மேலே ஏற ஏறத் தேயிலை. பஸ் நிலையத்தைத் தாண்டிய சந்துக்குள் பாஸின் கடை இருக்கிறது. கடை என்றாலும் உள்ளே ஒரு மேசையும் ஒரு பெஞ்சும் போட்டால் நிறைந்துவிடும். சுவர் முழுக்க யாரும் திரும்ப வாங்கிப் போகாத ரேடியோக்கள், கசெட் பிளேயர்கள். மேசையில் மட்டும் வேறொரு உலகம்: திறந்து கிடந்த நான்கைந்து ரிமோட்கள். கறுப்புப் பெட்டி, இரண்டு குச்சி, மேலே குட்டி அன்டெனா. பெரும்பாலும் பிளைஸ்கை என்ற சீனக் கம்பனியின் ஆறு சனல் பெட்டிகள்.

பாஸுக்கு அறுபது வயது நெருங்குகிறது. பேசத் தொடங்குவதற்கு முன் ஒரு ரிமோட்டைக் கையில் தந்து, "இந்தக் குச்சியை மெதுவா ஆட்டுங்க தம்பி" என்றார். மேசையில் ஒரு சேர்வோ மோட்டார் கிடந்தது. தீப்பெட்டியளவு நீலப் பெட்டி, வெள்ளை நிறத்தில் ஒரு சின்னக் கை. நான் குச்சியை ஆட்டியதும் அந்தக் கையும் ஆடியது. நடுவுக்கு வந்தபோது மட்டும் ஒரு நடுக்கம். குச்சியை விட்ட பிறகும் அந்தக் கை ஓயாமல் துடித்துக்கொண்டே இருந்தது.

"பழைய ரேடியோல வால்யூம் திருப்புனா கரகரன்னு கேட்கும் பாருங்க, அதேதான் இது. அங்க காதுக்குக் கேட்டுச்சு, இங்க கண்ணுக்குத் தெரியுது" என்றார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன். ரிமோட்டின் ஒவ்வொரு குச்சிக்கு அடியிலும் இருப்பது ரேடியோவின் வால்யூமில் இருக்கிற அதே பொட்டன்ஷியோமீட்டர்தான். கரிப் பாதையொன்றின் மேல் ஒரு உலோக நாக்கு வழுக்கிப் போகிறது. அது நிற்கிற இடத்தைப் பொறுத்து மின்னழுத்தம் மாறுகிறது. ரிமோட் அந்த அழுத்தத்தை எண்ணாக மாற்றி, 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையில் ஏற்றி அனுப்புகிறது. விமானத்தில் இருக்கும் ரிசீவர் அதை வாங்கி, விநாடிக்கு ஐம்பது தடவை அளவில் சேர்வோவுக்கு ஒரு துடிப்புக் கொடுக்கிறது. துடிப்பு 1 மில்லி விநாடி என்றால் கை ஒரு கோடிக்குப் போகும், 2 என்றால் மறு கோடி, 1.5 என்றால் நடு. கரிப் பாதை தேய்ந்தாலும் ஈரம் ஏறினாலும் அந்த 1.5 ஒரு இடத்தில் நிற்காது. வானத்தில் இறக்கை நடுங்கும்.

இரத்தினபுரி மாவட்டம் நாட்டிலேயே அதிகம் நனைகிற இடங்களில் ஒன்று. ஈரம் எதையும் விட்டுவைப்பதில்லை. ஒரு ரிமோட்டின் பற்றரி மூடியைக் கழற்றிக் காட்டினார். நான்கு பென்டோர்ச் பற்றரி போடும் இடத்தில் ஸ்பிரிங் முழுக்கப் பச்சை பூத்துக் கிடந்தது. பழைய பல் பிரஷ், ஸ்பிரிட், சிறு துண்டு உப்புத்தாள். ஸ்பிரிங்கைத் தேய்த்து வெள்ளையாக்கிய பிறகு குச்சியைக் கழற்றினார். பொட்டன்ஷியோமீட்டரின் தகட்டு மூடியில் நான்கு காதுகள் மடித்து விடப்பட்டிருக்கும். அவற்றை நெம்பி நிமிர்த்தும்போது அவருடைய பெருவிரல் நகம்தான் ஆயுதம். ஒரு காது முறிந்தாலும் பொருள் வீண். உள்ளே இருந்த கரி வளையத்தைத் துடைத்து, நாக்கை ஒரு மயிரளவு வளைத்து, தேயாத கரியில் படும்படி வைத்து மூடினார். இதெல்லாம் பத்து நிமிடத்துக்குள். பேச்சு மட்டும் நிற்கவேயில்லை.

அவர் பிறந்தது பக்கத்துத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். அம்மா ரப்பர் பால் வெட்டியவர். வீட்டில் ஒரு ரேடியோ இருந்தது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை கேட்க லயத்தில் பாதிப்பேர் அவர்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். எழுபதுகளில், 1964 ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போக மூத்த அண்ணனுக்குக் கடிதம் வந்தது. தலைமன்னாருக்கு ரயிலேறிய அண்ணனின் கையில் அந்த ரேடியோவும் போய்விட்டது.

"அண்ணன் போனதுக்கு அழுதேனா ரேடியோ போனதுக்கு அழுதேனான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது" என்றார். பத்து வயதுப் பையன். டவுனில் ஒரு சிங்கள ரேடியோ பாஸின் கடை வாசலில் போய் நின்றிருக்கிறான். உடைந்த செட் ஒன்று தருவீர்களா என்று கேட்டானாம். அவர் செட் கொடுக்கவில்லை. கடை கூட்டச் சொன்னார், பிறகு ஈயம் உருக்கச் சொன்னார். பதினான்கு வயதில் பையன் சொல்டரிங் அயனை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துச் சூடு பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டான். குருவுக்குப் பிறகு கடை இவருக்கு வந்தது. 2000க்குப் பிறகு ரேடியோ வேலை தேய்ந்தது. கைத்தொலைபேசி வந்து அதை முடித்து வைத்தது.

இங்கே ஒரு வரலாறு நினைவுக்கு வருகிறது. இந்த நாட்டில் வானொலி தொடங்கியதே கழற்றிப் போட்ட பொருளில்தான். பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் ரேடியோப் பாகங்களைக் கொண்டு, தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர் ஒரு ஒலிபரப்பியைக் கட்டினார். 1925 டிசம்பர் 16 இல் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. அந்த ஒலிபரப்பியும் பாஸின் மேசையில் கிடக்கும் ரிமோட்டும் ஒரே சாதி. நூறு வருடத்துக்குப் பிறகு அந்தக் கைவேலை உயிரோடு இருப்பது இப்படியான சந்துகளில்தான்.

ரிமோட்கள் அவர் மேசையில் குவிந்த கதை பொருளாதார நெருக்கடியின் கதை. இந்தப் பெட்டியும் அதன் ரிசீவரும் அப்போது வெளிநாட்டில் ஏறத்தாழ 50 டொலர். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது, மே மாதத்தில் 360 ஆகிவிட்டது. 10,000 ரூபாச் சாமான் இரண்டே மாதத்தில் 18,000. வரியும் கடைக்காரரின் இலாபமும் அதற்கு மேலே. அப்போது தோட்டத்தில் ஒரு நாள் பேர், அதாவது நாட்கூலி, 1000 ரூபா. பதினெட்டு நாள் மலையேறினால் ஒரு ரிமோட். கொழும்பில் வசதியுள்ளவர்கள்கூடப் புதிதாக வாங்குவதை நிறுத்தி, பழையதைத் திருத்த ஆள் தேடினார்கள். தேடல் எப்படியோ இந்தச் சந்துக்கு வந்து சேர்ந்தது.

பிற்பகல் மகன் வந்தான். உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவன். தொலைக்காட்சிப் பெட்டிக்குள் வரும் ரெஜிபோமை ஹீட்டர் கம்பியால் அறுத்து இறக்கை செய்கிறான். உள்ளே மூங்கில் சீவல், வெளியே டேப், சேர்வோவிலிருந்து வாலுக்குப் போகிற கம்பி பழைய சைக்கிள் ஸ்போக். வெட்டுவதையும் ஒட்டுவதையும் பற்றி நிறையச் சொன்னான். அவை எந்த வீடியோவிலும் இருப்பவை. நான் பார்க்க வந்தது அதற்குப் பின் நடப்பதை.

அன்று ஒரு புது விமானத்துக்கு ரிமோட் செட் பண்ண வேண்டியிருந்தது. முதலில் புரொப்பெல்லரைக் கழற்றி வைத்தார் பாஸ். அது இருக்கும்போது மேசையில் வைத்து எதையும் செய்ய விடமாட்டார். மகனுடைய சுட்டுவிரலில் ஒரு தழும்பு இருக்கிறது. பிறகு ரிசீவரை ரிமோட்டோடு சேர்த்தார்கள். ரிசீவரில் ஒரு சின்னக் கம்பி வளையத்தைச் செருகி, ரிமோட்டின் பைண்ட் பொத்தானை அழுத்தியபடி சுவிட்சைப் போட்டால், சிமிட்டிக்கொண்டிருந்த சிவப்பு விளக்கு நிலைக்கிறது. அதற்குப் பிறகு அந்த ரிசீவர் வேறு எந்த ரிமோட்டின் சொல்லையும் கேட்காது. முன்பு இப்படி இல்லை. 35, 72 மெகாஹேர்ட்ஸ் காலத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு படிகம். ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் சுவிட்சைப் போட்டால் வானத்தில் இருப்பது விழும். அதனால் வெளிநாட்டுக் கழக மைதானங்களில் அலைவரிசைப் பலகை வைத்து, உடுப்புக் கிளிப் ஒன்றைக் கையில் எடுத்தவர் மட்டுமே பறக்கவிடலாம் என்று விதி வைத்திருந்தார்கள்.

அடுத்து திசை, அதாவது இறக்கையின் பின்னோரத்து மடல்கள் ஆடும் திசை. குச்சியின் மேல் பெருவிரலை நிமிர்த்தி வைத்து வலப்பக்கம் சாய்க்கச் சொன்னார். "விரல் எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கத்து மடல் மேல எழும்பணும். இல்லாட்டி ரிவர்ஸ் போடு." மகனுக்கு இது தெரியும், எனக்காகச் சொன்னார். மடல் எதிர்ப்பக்கம் எழும்பினால் விமானம் கையை விட்ட கணமே கவிழ்ந்து தரையில் குத்தும். பிறகு எல்லைகள், நடு, குச்சியின் நடுவில் மட்டும் அசைவை மென்மையாக்கும் எக்ஸ்போ. இவற்றுக்கெல்லாம் ரிமோட்டில் எண் இருக்கிறது, பாஸ் எண்ணைப் பார்ப்பதில்லை. இறக்கை ஓரத்தில் பென்சிலை நிறுத்தி, மடல் எவ்வளவு எழும்புகிறது என்பதைப் பார்க்கிறார்.

கடைசியில் ஃபெயில்சேஃப். அலை அறுந்தால் விமானம் என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே ரிமோட் வழியாக ரிசீவருக்குச் சொல்லி வைப்பது இது. பல பெட்டிகளில் அது தானாக அமைந்திருக்காது. மோட்டாரை அரைவாசி வேகத்தில் ஓடவிட்டு, ரிமோட்டின் சுவிட்சை அணைத்தார். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் முகம் மாறிவிட்டது. "இது கொழும்புக் கடையில செட் பண்ணிக் கொடுத்த பெட்டி. பார்த்தீங்களா? பிளேன் பிள்ளைங்க நிக்கிற பக்கம் போனா யாரு பொறுப்பு?" திரும்பவும் ரிமோட்டின் மெனுவுக்குள் போய், அலை அறுந்தால் மோட்டார் பூச்சியம் என்று பதிந்தார். அணைத்தார், நின்றது. மூன்று தடவை அப்படிச் செய்து பார்த்த பிறகுதான் புரொப்பெல்லர் ஏறியது.

தோட்டத்து மைதானம் ரப்பர் மரங்களுக்கு நடுவே இருக்கிறது. மழை விட்டிருந்தது. ஈர இலை 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையைக் குடித்துவிடும் என்பதால் மரங்களுக்குப் பின்னால் விமானத்தை விடுவதில்லை. அன்டெனா நுனியை விமானத்தை நோக்கி நீட்டக் கூடாது, நுனியில்தான் அலை மிகவும் பலவீனம் என்பதும் அங்கே தெரிந்துகொண்டேன். மகன் எறிந்தான். விமானம் எங்களை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறிவிடும். அந்த நேரத்தில் யோசிக்க நேரமில்லை. "எந்த இறக்கை தாழுதோ அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளு, அது நிமிரும்" என்று பின்னாலிருந்து பாஸ் சொல்லிக்கொண்டே இருந்தார், அவன் கேட்காமலே.

கோபம் திரும்பி வரும் வழியில் வந்தது. கொழும்பிலிருந்து பழுதான ரிமோட்களைச் சேர்த்து பஸ்ஸில் பொதியாக அனுப்புகிற ஒருவர் இருக்கிறார். ஒரு முறை பொதிக்குள் வாடிக்கையாளரின் பில் தவறி வந்துவிட்டது. பாஸுக்குக் கொடுப்பதைப் போல ஆறு மடங்கு வாடிக்கையாளரிடம் வாங்கியிருந்தார் அந்த ஆள். பில்லில் "எமது பொறியியலாளரால் பரிசோதிக்கப்பட்டது" என்று இருந்ததாம்.

இதை எழுதாமல் விட மனம் வரவில்லை. கொழுந்து எடுப்பவளுக்கு 2024 செப்டம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவாக ஆனதற்கு எத்தனை வருடப் போராட்டம் வேண்டியிருந்தது! மாணிக்கக் குழியில் சேற்றில் நிற்பவனின் பங்கு எவ்வளவு, கல்லைக் கைமாற்றுகிறவனின் பங்கு எவ்வளவு என்பது இந்த ஊருக்குத் தெரியும். ரிமோட்டிலும் அதே கணக்குத்தான். பெட்டிக்கு விலை இருக்கிறது, பெட்டியைக் கொண்டுபோகிறவனுக்குக் கூலி இருக்கிறது. பிள்ளைகள் மேல் விமானம் பாயாமல் இருக்க மூன்று தடவை அணைத்துப் பார்க்கிற அந்த மனிதனின் வேலைக்கு மட்டும் பில்லில் ஒரு வரி கிடையாது. பெயரைக்கூட எடுத்துவிட்டு வேறொரு பெயரைப் போடுகிறார்கள். இது களவு. வாடிக்கையாளர்களும் கேட்க வேண்டும்: யார் திருத்தியது, அவருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று.

சட்டமும் அவர் பக்கம் சாய்ந்து நிற்கவில்லை. 2019 ஏப்ரல் 21 குண்டுத் தாக்குதல்களுக்குப் பின் சில நாட்களிலேயே, ஆளில்லா விமானங்கள் பறப்பதை சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபை நாடு முழுவதும் நிறுத்தியது. காரணம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் லயத்தில் ரிமோட் வைத்திருக்கும் தமிழ்ப் பையன் என்றால் அந்த நாட்களில் என்ன கேள்வி வரும் என்பதை நினைத்து, பாஸ் அப்போது கையிலிருந்த எல்லாப் பெட்டியையும் பற்றரி கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார்.

இப்போது வருகிற புது ரிமோட்களில் பல, குச்சியின் நிலையைக் காந்தத்தால் அளக்கின்றன. ஹோல் சென்சார் என்கிறார்கள். உரசல் இல்லை, கரி இல்லை, தேய்வும் இல்லை. பாஸ் ஒன்றை ஏற்கெனவே திறந்து பார்த்துவிட்டார். "நல்ல வேலை. குறை சொல்ல ஏலாது" என்றார். இரண்டாவது தடவையாகத் தன் தொழில் கையை விட்டுப் போவதைப் பார்க்கிற மனிதர் அதைச் சொன்ன விதத்தில் மரியாதை இருந்தது.

நான் புறப்படுவதற்கு முன் மகனும் நானும் உட்கார்ந்து ஒரு பில் புத்தகத்துக்கு மாதிரி எழுதினோம். குச்சி துடைத்தல், நடு சரிசெய்தல், திசை பார்த்தல், ஃபெயில்சேஃப் பரிசோதனை, ஒவ்வொன்றும் தனி வரி, தனிக் கூலி. கீழே கடையின் பெயரும் தொலைபேசி இலக்கமும். அதே இலக்கத்தை ஒரு சின்னத் தாளில் எழுதி ஒவ்வொரு ரிமோட்டின் பற்றரி மூடிக்குள்ளும் ஒட்டுவதென்று மகன் முடிவு செய்தான். "ஆள் கோவிச்சுக்குவாரு" என்றார் பாஸ். "கோவிக்கட்டும்பா" என்றான் அவன்.

சில வாரம் கழித்து அவன் தொலைபேசியில் பேசினான். பொதி அனுப்புகிறவர் பில்லைப் பார்த்துச் சத்தம் போட்டு, இனி அனுப்பமாட்டேன் என்று வைத்துவிட்டாராம். கண்டியிலிருந்தும் நீர்கொழும்பிலிருந்தும் இரண்டு பேர் மூடிக்குள் இருந்த இலக்கத்தைப் பார்த்து நேராகவே அழைத்திருக்கிறார்கள். ஒருவருடைய ரிமோட் வந்து சேர்ந்துவிட்டது. இடது குச்சி நடுங்குகிறது, கூலி முன்கூட்டியே அனுப்பியாயிற்று.