ரோமம் உட்புறம்

மார்கழிக் காலையில் பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கினாலே புனே ஸ்வெட்டரும் மஃப்ளருமாகப் போர்த்திக்கொண்டுவிடும். 1939இல் அமைந்த லோஹேகாவ் தளத்தின் விமானங்கள் இரைந்து செல்லும் விமான் நகரில், பழம்பொருள் சேர்க்கும் நண்பர் வீட்டில் ஒரு கோட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானிகள் அணிந்த இர்வின் ஜாக்கெட். வெளியே பழுப்புத் தோல், உள்ளே மஞ்சள் ஏறிய ஆட்டு ரோமம். பையே கிடையாது. மணிக்கட்டிலிருந்து முழங்கைப் பக்கமாக ஒரு ஜிப். தடித்த கையுறை போட்ட கை நுழைய வேண்டுமே! விமானியின் விரல்களை மனதில் வைத்தே யாரோ இதை யோசித்திருக்கிறார்கள்.

யோசிக்கத்தான் வேண்டியிருந்தது. ஆயிரம் அடி ஏறினால் ஏறக்குறைய இரண்டு டிகிரி குறையும். 25,000 அடியில் மைனஸ் 30ஐத் தாண்டிவிடும். அமெரிக்காவின் பல பி-17 குண்டுவீச்சு விமானங்களில் பக்கவாட்டு ஜன்னல்கள் திறந்தே இருந்தன. துப்பாக்கி வீரர் அந்தக் காற்றில்தான் நின்றார். சிக்கிய துப்பாக்கியைச் சரிசெய்யக் கையுறையைக் கழற்றினால் தோல் உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். அதற்காகவே அடியில் மெல்லிய பட்டுக் கையுறை. இங்கிலாந்திலிருந்து பறந்த அமெரிக்க எட்டாம் விமானப்படையின் தொடக்கக் காலத்தில், குண்டடி பட்டவர்களைவிடக் குளிரில் விரலும் காதும் உறைந்து படுத்தவர்களே அதிகம். மின்கம்பி தைத்த உடுப்பும் வந்தது. முதலில் வந்ததில் கம்பிகளெல்லாம் ஒரே தொடர். ஒரு கையுறையில் அறுந்தால் உடம்பு முழுவதும் சூடு போய்விடும். நம் அருங்காட்சியகங்கள் விமானங்களைத் துடைத்து நிறுத்துகின்றன. பக்கத்திலேயே ஒரு ஜோடி பட்டுக் கையுறையையும் வைக்க வேண்டும் என்பேன்.

தலையில் அணிந்ததற்கும் ஒரு கதை உண்டு. 1940இல் இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்குப் போன 24 விமானிகளில் ஒருவர் மகிந்தர் சிங் புஜ்ஜி. மற்றவர்கள் தோல் தொப்பி போட்டபோது, அவர் தலைப்பாகையை விடவில்லை. அதன் மேலேயே காதொலிக் கருவியை வாரால் கட்டிக்கொண்டு ஹரிக்கேன் போர் விமானம் ஓட்டினார். அடிபட்ட விமானத்தோடு டோவர் பக்கம் ஒருமுறை தரையில் மோதினார். தலைப்பாகை ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. அந்தத் துணி மடிப்புகள்தான் உயிரைக் காப்பாற்றின என்று பின்னாளில் சொன்னார்.