தையல் பார்க்கும் கண்

பொழுது புலரும் வேளையில் திமிரியின் சாலையோரங்களில் பெண்கள் பேருந்துக்காகக் காத்து நிற்பார்கள். அவர்களுள் பலர் இராணிப்பேட்டைப் பகுதியின் காலணித் தொழிற்சாலைகளுக்குச் செல்பவர்கள். அங்கே காலணியின் மேல்தோலைத் தைப்பவர் ஒருவர். தைத்ததைச் சோதிப்பவர் வேறொருவர். சோதிப்பவரின் கண் தையலின் அழகில் நிற்பதில்லை. எங்கே ஒரு தையல் விட்டுப்போயிற்று என்றே தேடும். விட்ட இடத்தில்தான் தோல் பிரியும்.

கணினிப் பாதுகாப்பு வல்லுநரின் வேலையும் ஏறத்தாழ இதுவே. மென்பொருள் இயங்குவதை எல்லோரும் பார்ப்பர். அது எங்கே பிரியும் என்பதை இவர் தேடுவார். ஆயினும் இப்பெண்களின் மகள்கள் இணையப் பாதுகாப்பைப் பெரும்பாலும் எச்சரிக்கையாகவே கேட்டு வளர்கின்றனர். படத்தைப் பகிராதே, அறியாதவரோடு பேசாதே, கடவுச்சொல்லைச் சொல்லாதே. வேண்டிய அறிவுரைகளே இவை. இணையவழியில் பணம் பறிபோனால் 1930 என்னும் எண்ணை அழைக்கத் தெரிந்திருப்பதும் நன்று. ஆனால் அச்சம் ஒரு துறையின்மீது விருப்பத்தை வளர்ப்பதில்லை. படம் திரிக்கப்பட்டு மிரட்டலுக்கு ஆளான பெண்ணின் கைப்பேசியை வீட்டார் வாங்கி வைத்துக்கொள்வதோடு கதை முடிந்துவிடுவதும் உண்டு. திரித்தவனின் தடத்தைத் தேடும் திறமை அவளுக்கும் கைவரும் என்று சொல்வோர் அரிது.

விருப்பம் புதிரில் தொடங்குகிறது. ஒவ்வொரு மெய்க்கும் பதிலாக அகரவரிசையில் அடுத்த மெய்யை இட்டால் ‘திமிரி’, ‘நியிலி’ ஆகிவிடும். உரோமானியத் தளபதி சீசர் கையாண்ட முறையும் இத்தகையதே. மெய்கள் 18, ஆகவே 17 முறை நகர்த்திப் பார்த்தால் எந்தச் சொல்லும் வெளிப்பட்டுவிடும். பொறுமையுள்ள மாணவிக்கு ஒரு பாடவேளை போதும். இந்தப் பூட்டு ஏன் இவ்வளவு வலுவற்றது என்று அவள் கேட்கும்போது மறையீட்டியலின் வாசலில் நிற்கிறாள்.

ஒருநாள் முகாமில் மூண்ட ஆர்வம் மறுவாரமே தணிந்துவிடக்கூடும். அது நிலைக்கத் தோழியர் வேண்டும். கேரளத்தின் அமிர்தபுரியிலுள்ள அமிர்த விசுவ வித்யாபீடத்து மாணவியர் ‘டீம் சக்தி’ என்னும் குழுவாகக் கூடிக் ‘கொடியைக் கைப்பற்று’ போட்டிகளில் கலந்துகொள்கின்றனர். நிரலில் உள்ள குறையைக் கண்டு, உள்ளே ஒளித்துவைத்த சொற்றொடரை எடுப்பதே ஆட்டம், அச்சொற்றொடரே கொடி. பிறர் கணினிக்குள் அனுமதியின்றி நுழைவது 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றம். இங்கோ உடைப்பதற்கென்றே பூட்டைத் தருகிறார்கள். போட்டியிட்ட அக்குழுவினரே பிறருக்காகவும் போட்டி நடத்துகின்றனர்.

தொடர்ச்சி அறுந்தால் என்னாகும் என்பதற்கும் சான்று உண்டு. இரண்டாம் உலகப்போரில் பகைவரின் மறைகுறிகளை உடைத்த இங்கிலாந்தின் பிளெட்ச்லி பூங்காவில் பணியாற்றியோருள் ஏறத்தாழ நான்கில் மூவர் பெண்கள். போர் முடிந்ததும் பெரும்பாலோர் கலைந்து சென்றனர். செய்த வேலையைச் சொல்லவும் தடை இருந்தது. 1970களில்தான் உலகம் அதனை அறிந்தது. அவர்களுக்குத் திறமையில் குறைவில்லை. மேலே செல்லும் வழிதான் இல்லை.

திமிரி போன்ற ஊர்களில் தடை வேறு வகையானது. தாய் தொழிற்சாலையிலிருந்து திரும்பும்வரை அடுப்பும் தண்ணீர்க் குடமும் மகளின் பொறுப்பு. மாலையில் பயிற்சி என்றால் முதலில் நின்றுவிடுபவள் அவளே. எனவே வாரம் ஒரு பாடவேளையேனும் பள்ளி நேரத்துக்குள், ஆய்வகக் கணினியின் முன் அவளுக்குக் கிடைக்கவேண்டும். கார்னகி மெலன் பல்கலைக்கழகம் 2013இல் தொடங்கிய ‘பிகோ சி.டி.எப்.’ போட்டியின் புதிர்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

‘நியிலி’ என்று எழுதிய தாளை ஒருத்தி வீட்டுக்கு எடுத்துச் செல்லட்டும். எழுத்துகள் மாறினாலும் மூன்றிலும் இகரம் அப்படியே நிற்பதை முதலில் காண்பவர், நாளெல்லாம் தையல் பார்த்துத் திரும்பிய அவள் தாயாகவும் இருக்கலாம்.