லைன் வீட்டு வாடகை

திருப்பூரில் வீடு தேடும் நாள் ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை ராத்திரி வாரச் சம்பளம் கைக்கு வந்திருக்கும். மறுநாள் காலை பிள்ளையை வண்டியின் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியுமாகப் போயம்பாளையம், பாண்டியன் நகர், வேலம்பாளையம் என்று சந்து சந்தாகச் சுற்றுவார்கள். 'டு லெட்' பலகையை மட்டும் நம்பி யாரும் கிளம்புவதில்லை. மளிகைக்கடைக்காரர், இஸ்திரி போடுகிறவர், பக்கத்து மிஷினில் தைக்கிறவர் என்று வாய்வழியாகத்தான் காலி வீடு தெரிய வரும். வாடகை குறைந்த வீடு பலகை மாட்டும்வரை காலியாக இருக்காது.

என் சித்தி மகள் குடும்பத்துக்காகப் போன வருஷம் நானும் கூடச் சுற்றினேன். அவள் பனியன் கம்பெனியில் செக்கிங். அவள் வீட்டுக்காரர் பீஸ் ரேட்டுக்கு ஓவர்லாக் அடிக்கிறவர். பெருமாநல்லூர் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் லைன் வீடு காலி என்று சொன்னார்கள். எதிரெதிராக இரண்டு வரிசை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அறை, அதை ஒட்டி அடுப்படி, மேலே சிமெண்ட் ஷீட். கடைசியில் எல்லாருக்கும் பொதுவான குளியலறையும் கக்கூசும்.

வீட்டுக்கார அம்மா உட்கார வைத்து மோர் கொடுத்தார். "எத்தனை பேருங்க?" என்றார்.

"நாலு பேருங்க்கா. நாங்க ரெண்டு பேரு, பையன், மாமியா."

"எந்தூருங்க?"

ஒட்டன்சத்திரம் பக்கம் என்றாள். அடுத்த கேள்வி உடனே வந்தது: "அங்க நீங்க என்ன ஆளுங்க?"

தங்கச்சி பதில் சொல்லாமல் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பார்த்தாள். கேட்டவர் குரலில் கடுமை கிடையாது. ஆனால் எவ்வளவு பிரியமாகக் கேட்டாலும் அந்தக் கேள்வி ஒரு கதவை அடைக்கிறது. எத்தனையோ குடும்பங்கள் வாடகை பேசும் இடத்துக்கே போக முடியாமல் அங்கேயே திரும்பிவிடுகின்றன. கல்யாணமாகாத பையன்களுக்கும், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களுக்கும் வேறு மாதிரிக் கணக்கு. ஓர் அறைக்குத் தலைக்கு இவ்வளவு என்று வசூல். பகல் ஷிப்டுக்காரர் எழுந்து போன பாயில் ராத்திரி ஷிப்டுக்காரர் படுக்கிறார்.

சொல்லும் வாடகை ஒன்று, கொடுக்கும் வாடகை வேறு என்பதை அன்று நேரில் பார்த்தேன். நடைபாதைச் சுவரில் வீட்டுக்கு ஒன்றாகக் குட்டி மீட்டர்கள். பக்கத்திலேயே சாக்பீஸில் போன மாத எண்கள். வீடுகள் அத்தனைக்கும் மின் இணைப்பு ஒன்றுதான். யூனிட்டுக்கு என்ன விலை என்பது வீட்டுக்காரர் சொல்வது. வீட்டு இணைப்புகளுக்கு அரசு தரும் இலவச மின்சாரம் இப்படிப்பட்ட குடித்தனக்காரர் கைக்கு வந்து சேர்வதில்லை.

அடுத்தது தண்ணீர். "நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வருதுங்க?" என்று கேட்காமல் திருப்பூரில் யாரும் அட்வான்ஸ் கொடுக்க மாட்டார்கள். சாயக்கழிவு வருஷக்கணக்கில் நொய்யலில் கலந்து நிலத்தடி நீரைக் கெடுத்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதற்கு முன்பே கெட்டுப்போன போர் தண்ணீரின் சுமையை, குடிக்கிற தண்ணீரைக் குடம் குடமாக விலைக்கு வாங்கும் குடும்பங்கள் இன்னும் தாங்குகின்றன. வாடகைக்குப் பயந்து ஊருக்கு வெளியே போனால் பெட்ரோல் செலவும், ஓவர்டைம் முடிந்து பெண்கள் இருட்டில் வீடு திரும்பும் பயமும் கூடவே வருகின்றன.

2001 கணக்கெடுப்பில் சுமார் ஐந்தரை லட்சம் பேர் இருந்த திருப்பூர் நகரத் தொகுதியில் 2011-ல் ஒன்பதரை லட்சத்துக்கும் மேல். வந்தவர்களுக்கு நிழல் கொடுத்தது பெரும்பாலும் தோட்டத்தை விற்ற பணத்திலோ வங்கிக் கடனிலோ லைன் வீடு கட்டிய உள்ளூர்க்காரர்கள்தான். அந்த உபகாரத்தை மறக்கக்கூடாது. அவர்களிலும் பலருக்கு அந்த வாடகைதான் பிழைப்பு. ஆனால் இவ்வளவு பெரிய ஊரின் தொழிலாளர் குடியிருப்பு முழுவதையும் அவர்கள் தலையில் போட்டுவிட்டு மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வது நியாயமில்லை.

சட்டம் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வேறு உடன்பாடு இல்லையென்றால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது. தகராறு வந்தாலும் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக்கூடாது. ஆனால் லைன் வீடுகளில் வாய்ப்பேச்சுதான் ஒப்பந்தம். கேட்டால் வீடு கிடைக்காது என்ற பயத்தில் ரசீதுகூடக் கேட்பதில்லை.

வெளிநாட்டு பையர்கள் அனுப்பும் ஆட்கள் கம்பெனிக்குள் வந்து தீயணைப்புக் கருவி, கழிப்பறை, குடிநீர் எல்லாம் பார்க்கிறார்கள். கம்பெனி விடுதியையும் பார்க்கிறார்கள். அதே தொழிலாளி சாயங்காலம் போய்ச் சேரும் லைன் வீட்டுக்கு யாரும் வருவதில்லை. 2020 ஊரடங்கில் வெளிமாநிலத்தவர் கூட்டம் கூட்டமாக ஊர் திரும்பியதை எல்லாரும் பார்த்தோம். வேலை நின்ற மறு மாதமே வாடகை கொடுக்க வழியில்லாதவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். அந்த ஆண்டு மத்திய அரசு நகரத் தொழிலாளருக்கான வாடகைக் குடியிருப்புத் திட்டத்தை அறிவித்ததும் அதனால்தான்.

தங்கச்சி குடும்பம் கடைசியில் வேறொரு சந்தில், தனி மின் இணைப்பு உள்ள வீட்டில் குடிபோனது. வாடகை கொஞ்சம் கூடத்தான். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் அதுதான் மிச்சம். இப்படித் தெரிந்தவர் ஒருவர் துணைக்கு இருந்தால்தான் ஒரு குடும்பம் கௌரவமாகக் குடியேற முடியும் என்ற நிலை மாற வேண்டும். கூலி உயர்வு பேசும் மேஜையில் வீட்டு வாடகையையும் வைத்துப் பேச வேண்டும். லைன் வீட்டுக்கும் தனி மின் இணைப்பு, மாதாமாதம் ரசீது, சாதி கேட்காத வாசல் ஆகியவை வேண்டும். உழைக்க வாருங்கள் என்று கூப்பிட்ட ஊர் இது. குடியிருக்கவும் இடம் கொடுப்பது அதன் கடமை.