ஆறாம் வகுப்புக்கு ஒரு பள்ளி

குடந்தையில் வளரும் பிள்ளைக்குக் கணக்கில் கொஞ்சம் நாட்டம் இருந்துவிட்டால் போதும், உறவினர் வாயில் ராமானுஜன் பெயர் வந்துவிடும். 1904இல் இதே ஊர் அரசுக் கல்லூரியில் சேர்ந்த அவர், கணிதம் தவிர்த்த பாடங்களில் தேறாமல் உதவித்தொகையை இழந்ததை மட்டும் எவரும் சொல்வதில்லை. எங்களை உறங்கவிடாதது அந்தக் கதைதான்.

எங்கள் மகள் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தாள். எட்டாம் வகுப்புக் கணக்கைத் தானே படித்துப் போடுவாள். பல்லாங்குழியில் தோற்றால் அழுவாள். கையெழுத்தோ இன்னும் கோட்டுக்குள் அடங்கவில்லை.

அந்தக் கோடையில் நான்கு பள்ளிகளின் படியேறினோம். இரண்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாவது, ஆறாம் வகுப்பிலிருந்தே ஐஐடி நுழைவுத் தேர்வுக்கு அடித்தளப் பயிற்சி தரும் தனியார் பள்ளி. அங்கே அவளைத் தனியறையில் அமர்த்தி ஒரு மணி நேரம் எழுத வைத்தனர். சேர்க்கைக்காகக் குழந்தைகளை இவ்வாறு வடிகட்டுவதை 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு தடுக்கிறது. அதை நாங்கள் அறிவோம். அறிந்தும் வெளியே வாய்மூடி அமர்ந்திருந்தோம்; அவள் தேறிவிட வேண்டுமே என்று வேண்டிக்கொண்டும் இருந்தோம். (கல்லூரியில் ஆண்டுதோறும் திருக்குறள் நடத்துகிறோம் என்பதை இங்கே சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.)

அவள்தான் முதலிடம். நேரே ஏழாம் வகுப்பில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். எங்கள் தலைமுறையில் 'டபுள் புரமோஷன்' என்று தெருவே பேசிய பெருமை அது. மனம் குளிர்ந்துதான் போயிற்று.

திரும்பும்போது பேருந்தில் மகள் கேட்டாள்: "ஒரு கேள்வியை நான் ஏன் விட்டேன்னு யாருமே கேக்கலையே?"

நாங்களும் கேட்டிருக்கவில்லை. 1, 2, 4 என்ற வரிசையில் அடுத்த எண் எது என்பது கேள்வி. இரட்டித்துக்கொண்டே போனால் எட்டு வரும். முதலில் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு மூன்று என்று கூட்டினால் ஏழு வரும். எதை எழுதுவது என்று தெரியாமல் விட்டிருக்கிறாள்.

நான்காவது பள்ளி வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருக்கும் அரசு உதவிபெறும் பள்ளி. சுவரில் காரை பெயர்ந்திருந்தது. ஒரு வகுப்பில் நாற்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள். கணக்கு ஆசிரியையிடம் மகள் இதே கேள்வியைத் தானே எடுத்துச் சொன்னாள். அவர் கரும்பலகையில் மூன்று எண்களையும் எழுதிச் சற்று நேரம் பார்த்தார். "மூணாவதா ஒரு விடை இருக்கான்னு பாரு. நாளைக்கு வந்து சொல்லு" என்றார்.

மறுநாள் காலை பல் துலக்கும் முன்பே அவளுக்கு விடை கிடைத்துவிட்டது. ஐந்து. மூன்றால் வகுபடாத எண்களாம்.

அங்கேயே, ஆறாம் வகுப்பிலேயே சேர்த்தோம். ஆகஸ்டுக்குள் கணக்குப் புத்தகம் முழுவதையும் முடித்துவிட்டாள். ஆசிரியை தம் வீட்டிலிருந்து பழைய நூல்களைக் கொண்டுவந்து தருகிறார். அவர் ஓய்வுபெற இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. எட்டாம் வகுப்பில் யார் கிடைப்பார் என்று எங்களில் ஒருவர் இரவில் கேட்பதும், மற்றவர் பதில் சொல்லாமல் விளக்கை அணைப்பதும் தொடர்கின்றன.