அண்ணனின் பலகை

வாசிக்கும் நண்பர்கள் சிலர் என் ர, ற பிழைகளைத் திருத்தி அனுப்புவது வழக்கம். கோபமில்லை. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்குத் தமிழ் வாரத்தில் சில மணி நேரம்தான். முப்பத்து நான்கு வருடம் அரசு அலுவலகத்தில் கோப்பு எழுதியும் அந்தக் குறை முழுதாகப் போகவில்லை. அண்ணனுக்கு என்னைவிட மோசம். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

அண்ணன் என்னைவிட எட்டு வயது மூத்தவர். 1962 ஆகஸ்டு 16 முதல் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டியிருந்த காலம் நம் ஊர்க்காரர்களுக்கு நினைவிருக்கும். அப்பா வேண்டாம் என்றார். அண்ணன் எழுதிக் கொடுத்துவிட்டு சொல்தாவாகக் கப்பலேறினார். அப்பா கடைசிவரை அவர் கடிதத்தைத் தன் கையால் பிரித்ததில்லை. நான்தான் படித்துக் காட்டுவேன். குளிர், மழை, சம்பளம், நலம். வேறு ஒன்றும் இருக்காது. சுகமாக இருக்கிறார், நம்மை மறந்துவிட்டார் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

போன வருடம் அவர் பயோனில் காலமானார். விசா கிடைத்து நான் போய்ச் சேர்ந்தபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது. கார் நிறுத்தும் கொட்டகையை அண்ணன் மகன் காலி செய்துகொண்டிருந்தான். உத்திரத்தின்மேல் பழைய போர்வை சுற்றி ஒரு நீளப் பொருள். இரண்டு பேர் சேர்ந்து இறக்கினோம். அலைச்சறுக்குப் பலகை.

"இது யாருதுன்னே தெரியல சித்தப்பா. குப்பைக் கிடங்குல போட்டுடலாம்" என்றான். அண்ணியைக் கேட்டேன். "1974-ல நான் கல்யாணமாகி வந்தப்பவே அது மேலதான் இருந்துச்சு தம்பி. ஒரு நாளும் இறக்கினதில்ல" என்றார்.

ஓய்வுபெற்ற குமாஸ்தாவுக்கு, பெயர் தெரியாத ஒரு கோப்பு கிடைத்தால் சும்மா இருக்க முடியுமா? அளந்தேன். நீளம் 2 மீட்டர் 85. குளியலறைத் தராசில் 14 கிலோ. நடுவில் முனையிலிருந்து வால்வரை ஒரு மரச் சட்டம். அடியில் மீனின் முதுகுத் துடுப்பு போல ஒன்றே ஒன்று, கழற்ற முடியாதபடி பைபர் கிளாஸோடு சேர்த்து ஒட்டியது. காலில் கட்டும் கயிற்றுக்குத் துளையே இல்லை. மேல் பூச்சுக்கு அடியில் ஒரு முத்திரை, பாதி அழிந்து, பே, ஆ, எர், எல் என்ற நான்கு எழுத்து மட்டும் மிச்சம்.

அடுத்த வீட்டில் எண்பது வயது முசியே ஒருவர். இளமையில் அலையில் ஏறியவர். பார்த்ததுமே "பார்லான்!" என்றார். கதை அவரிடமிருந்துதான் வந்தது. 1957 வாக்கில் ஹெமிங்வே நாவலைப் படமாக்கும் வேலையாக வந்த திரைக்கதை ஆசிரியர் பீட்டர் வியர்டெல், கலிபோர்னியாவிலிருந்து ஒரு பலகை தருவித்து பக்கத்து பியாரிட்ஸில் அலையேறினாராம். அதைப் பார்த்துக் கிளம்பியவர்களில் மிஷேல் பார்லான் ஒருவர். நண்பர் ழாக்கி ரோட்டுடன் சேர்ந்து பயோனிலேயே பலகை செய்யத் தொடங்கினார். துடுப்பையும் துளை இல்லாததையும் பார்த்து, அறுபதுகளின் நடுவில் செய்தது என்று முசியே தீர்ப்புச் சொன்னார். 1968-க்குப் பிறகு குட்டைப் பலகை மோகம் வந்து, இந்த மாதிரி நீளப் பலகைகளைச் சல்லிசாகத் தள்ளிவிட்டார்களாம். ஒரு சொல்தா சம்பளத்துக்கு அப்போதுதான் எட்டியிருக்கும்.

ஆனால் அண்ணன் வாங்கியதுதானா? யாரோ வைத்துவிட்டுப் போனதாகவும் இருக்கலாமே.

துடுப்பின் அடியில் விரிசல், சுற்றிலும் பழுப்புக் கறை. உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது, காயாமல் மேலே பூசினால் உள்ளேயே அழுகும் என்றார் முசியே. மூன்று வாரம் வெயில் படாத இடத்தில் சாய்த்து வைத்தோம். அதற்குள் மேற்புறத்தில் இருந்த மெழுகைச் சுரண்டும் வேலை எனக்கு. வழுக்காமல் நிற்பதற்காக அந்தக் காலத்தில் பாரபின் மெழுகைத் தேய்ப்பார்களாம். ஐம்பது வருட அழுக்கோடு கல்லாகியிருந்தது. அண்ணியின் முடி உலர்த்தும் எந்திரத்தைக் கடன் வாங்கி இளக்கி, பழைய வங்கி அட்டையால் வழித்தேன்.

நான்காம் நாள், நடுச்சட்டத்துக்கு இடப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஒட்டு தெரிந்தது. தொழில் தெரியாத கை. நூல் பிசிறு, காற்றுக் குமிழி. அதன்மேல் ரெசினுக்கு அடியில் பென்சிலில் தமிழ். "கட்டுமறம்". அதன் கீழே 70.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்த ஊரில் 1970-ல் தமிழ் எழுதுகிறவர் வேறு யார் இருந்திருப்பார்கள் என்று வாதாடலாம். அந்த வல்லின றகரத்துக்கு வாதம் வேண்டியதில்லை.

வைத்திக்குப்பத்து மீனவர்களோடு கட்டுமரத்தில் ஏறிப் போவது அண்ணனின் பழக்கம். கரைக்குத் திரும்பும்போது அலையின் முதுகில் அது ஏறும் வேகத்துக்காகவே போவார். தலையில் மணலோடு வீடு வந்து அப்பாவிடம் பிரம்படி வாங்குவார். ஒரு கடிதத்திலாவது கடல் என்று ஒரு சொல் எழுதியிருக்கலாம். யார் படித்துக் காட்டுவார்கள், யார் காதில் விழும் என்று யோசித்திருப்பார்.

துடுப்பு விரிசலை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துணி வைத்து, பாலியெஸ்டர் ரெசின் பூசினோம். நூறு கிராமுக்கு இரண்டு கிராம் கெட்டியாக்கி. சமையல் தராசில் நிறுத்ததற்கு அண்ணியிடம் திட்டு. முழுவதும் தேய்த்து வெள்ளை வண்ணம் அடிக்கலாம் என்றான் அண்ணன் மகன். மஞ்சளித்தது அப்படியே இருக்கட்டும், வண்ணம் அடித்தால் மதிப்பே போய்விடும் என்றார் முசியே. ஆனால் அவரும் அந்த அசிங்கமான ஒட்டை மட்டும் எடுத்துவிட்டுப் புதிதாகப் போடச் சொன்னார். நான் உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டேன்.

அன்று மாலை அண்ணி கொட்டகைக்கு வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து வெகுநேரம் பார்த்தார். அவருக்குப் படிப்பு அதிகமில்லை.

"உங்க அண்ணன் எழுதினதா தம்பி? பிழையில்லாம எழுதியிருக்காரா?"

"சரியாத்தான் எழுதியிருக்கார் அண்ணி" என்றேன்.